பழைய வீட்டு நிலவறையின் மின்கம்பிகளைப் புதுப்பித்தல்: ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

ஸ்காபுரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ பகுதிகளில் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட பங்களோ வீடுகளை நம்மவர்கள் பலர் விரும்பி வாங்குகிறார்கள். காணி அகலமாக இருக்கும், நிலவறை விசாலமாக இருக்கும், சில வீடுகளில் பக்கவாட்டில் தனி வாசலும் இருக்கும். திறப்பு கைக்கு வந்த மறு மாதமே நிலவறையில் ஓர் அறை, ஒரு குளியலறை, மீன் பொரிக்க இரண்டாவது அடுப்பு என்று திட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. ட்ரைவோல் எனும் சுவர்ப்பலகைக்கும் தரைப்பலகைக்கும் வண்ணத்துக்கும் கணக்குப் பார்ப்பவர்கள், தலைக்கு மேலே மரவளைகளுக்கிடையே ஓடுகின்ற அறுபது வயதுக் கம்பிகளை மட்டும், இப்போது வேலை செய்கின்றனதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த நாட்டு வீடுகளில் மின்சாரம் நுழைவதும் பிரிவதும் பெரும்பாலும் நிலவறையில்தான். மேல்மாடிக் குசினிக்குப் போகும் கம்பியும் படுக்கையறைக் கம்பியும் நிலவறைக் கூரையின் ஊடாகவே போகின்றன. கூரை திறந்து கிடக்கும் சில வாரங்களில் வீட்டின் பெரும்பகுதியைச் சுவர் உடைக்காமலே சீர்செய்துவிடலாம். ட்ரைவோல் ஏறிய பிறகு அதே வேலைக்குச் சுவரை வெட்டி, ஒட்டி, மீண்டும் வண்ணம் பூச வேண்டிவரும். ஆகவே நிலவறை வேலையின் வரிசையில் மின்கம்பியே முன்னால் நிற்க வேண்டும்.

ஊர் அறிவை வாசலில் விட்டு வருதல்

இலங்கையிலோ இந்தியாவிலோ சிறு மின்வேலைகள் செய்து பழகியவர்களுக்கே இங்கு ஆபத்து அதிகம் என்பேன். நாம் பழகிய பழைய முறையில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கனடாவில் கறுப்புக் கம்பிதான் உயிர்க்கம்பி, சிவப்பும் உயிர்க்கம்பியே. வெள்ளை நியூட்ரல், உறையில்லாத செம்புக் கம்பி அல்லது பச்சைக் கம்பி எர்த். அதை இங்கே கிரவுண்ட் என்பார்கள். கறுப்பை நியூட்ரல் என்று நம்பித் தொடுகிற கை, 120 வோல்ட்டைத் தொடுகிறது.

வெள்ளையையும் முழுதாக நம்ப முடியாது. பழைய வீடுகளில் சுவிட்ச்சுக்கு இறங்கும் இரட்டைக் கம்பியில் வெள்ளைக் கம்பியை உயிர்க்கம்பியாகவே பயன்படுத்தியிருப்பார்கள். விளக்குப் பெட்டியிலிருந்து மின்சாரம் வெள்ளையில் இறங்கி, சுவிட்ச்சைக் கடந்து கறுப்பில் ஏறும். என் வீட்டுக்கு முதன்முதலில் வந்த வயதான எலக்ட்ரீசியன், நான் ஒரு சுவிட்ச்சைக் கழற்றக் கை வைத்தபோது, "தம்பி, உந்த வெள்ளையை நம்பாதேங்கோ, முதல் ரெஸ்ற் பண்ணுங்கோ" என்று சொல்லித் தடுத்தார். சோதனைக்கருவியை வைத்தபோது வெள்ளைக் கம்பியில் கருவி சிவந்து ஒலித்தது.

மின்னழுத்தமும் வேறு. ஊரில் 230 வோல்ட்டில் ஓடிய 1500 வாட் ஹீற்றர் ஏறத்தாழ ஆறரை அம்பியர் இழுத்தது. இங்கே அதே வலுவுள்ள ஹீற்றர் 120 வோல்ட்டில் பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். 15 அம்பியர் சுற்றொன்றில், அதாவது ஒரு பியூஸிலோ பிரேக்கரிலோ தொடங்கி ஓடும் கம்பி வழியில், தொடர்ந்து ஓடும் சுமை 12 அம்பியருக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அதனால்தான் குளிர்காலத்தில் நிலவறையில் ஒரு ஹீற்றரைப் போட்டவுடன், அதே சுற்றில் உள்ள ரிவியும் விளக்கும் சேர்ந்து அணைகின்றன. பியூஸில் குறையில்லை, சுற்றில்தான் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

ஒன்ராறியோவில் மின்வேலைகளை மேற்பார்வை செய்வது ஈ.எஸ்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மின் பாதுகாப்பு அதிகாரசபை. உங்கள் சொந்த வீட்டில் நீங்களே மின்வேலை செய்வதற்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வேலையை அவர்களுக்கு முறைப்படி அறிவித்து, கட்டணம் செலுத்தி, அவர்களது பரிசோதகரின் பார்வைக்கு உட்படுத்த வேண்டும். பழைய பழக்கத்தில் இதைப் பெர்மிற் என்கிறார்கள். நகரசபையின் கட்டட அனுமதி இதிலிருந்து வேறானது. நிலவறையில் புதிய அறையோ வாடகைக்கு விடும் பகுதியோ அமைத்தால் அதையும் தனியே பெற வேண்டும்.

பணம் கொடுத்து வேறொருவரைக் கொண்டு செய்விப்பதானால், உரிமம் பெற்ற மின் ஒப்பந்த நிறுவனத்தை மட்டுமே அமர்த்தலாம். நம் சமூகத்தில் அடிக்கடி தவறு நடப்பது இங்கேதான். "தெரிந்த பொடியன் ஒருவன், எலக்ட்ரீசியன் சான்றிதழ் வைத்திருக்கிறான், சனி ஞாயிறில் வந்து அரைக் காசுக்குச் செய்து தருவான்" என்பார்கள். அவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் தொழிலாளியாக ஒருவர் பெற்றிருக்கும் தகுதிச் சான்றிதழ் வேறு, வேலையை ஒப்பந்தமாக எடுப்பதற்கான நிறுவன உரிமம் வேறு. பின்னது ஏழு இலக்க எண். வாகனத்திலும் மதிப்பீட்டுத் தாளிலும் அது இருக்க வேண்டும், ஈ.எஸ்.ஏ. இணையத்தளத்தில் தேடியும் உறுதிப்படுத்தலாம். அந்த எண் இல்லாதவர் செய்த வேலைக்கு அறிவித்தலும் இருக்காது, பரிசோதனையும் இருக்காது. தீ விபத்தொன்றின் பின் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதற் கேள்விகளுள் இதுவும் ஒன்றாக இருக்கும்.

எதை நீங்களே செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று என்னைக் கேட்டால், புதிய கேபிள் இழுப்பது, பெட்டி பொருத்துவது, பிளக் பொயின்ட் மாற்றுவது ஆகியவற்றைப் பொறுமையுள்ள ஒருவர் கற்றுக்கொள்ளலாம். பேனல் எனப்படும் பியூஸ், பிரேக்கர் பெட்டியை மாற்றுவதையும் வீட்டுக்கு வரும் பிரதான இணைப்பைப் பெரிதாக்குவதையும் உரிமம் பெற்றவரிடமே விடுங்கள். பேனலில் பிரதான பிரேக்கரை அணைத்தாலும், வெளியிலிருந்து வரும் தடித்த கம்பிகள் இணையும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மின்விநியோக நிறுவனம் வந்து வெளியே துண்டித்தால் மட்டுமே அது நிற்கும்.

கம்பியின் வயதைக் கண்டறிதல்

ஒரு நல்ல கைவிளக்கை எடுத்துக்கொண்டு பேனலிலிருந்து தொடங்குங்கள். கூரை வளைகளில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களும், மரத்தைத் துளைக்கும் இடங்களில் பீங்கான் குழாய்களும் தெரிந்து, இரண்டு கம்பிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகித் தனித்தனியே ஓடினால், அது 1950க்கு முந்திய குமிழும் குழாயும் கொண்ட முறை. நல்ல நிலையில் இருந்தால் அதை அகற்றியே ஆக வேண்டும் என்று ஈ.எஸ்.ஏ. கட்டாயப்படுத்துவதில்லை. எனினும் அதில் கிரவுண்ட் இல்லை. அந்தக் கம்பிகள் சூடாகும்போது சுற்றியுள்ள காற்றில்தான் வெப்பத்தை விடுகின்றன. அவற்றின் மேல் வெப்பக்காப்புப் பஞ்சைத் திணித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். காப்புறுதி நிறுவனங்கள் பலவும் இந்த முறையுள்ள வீட்டை ஏற்கத் தயங்குகின்றன. நிலவறையைத் திறந்திருக்கும்போது இதை அகற்றிவிடுவதே என் பரிந்துரை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பங்களோக்களில் அதிகம் காணப்படுவது, துணிப்பின்னல் உறை போர்த்திய இரட்டைச் செம்புக் கம்பி. இதிலும் பெரும்பாலும் கிரவுண்ட் கிடையாது. கம்பி தன் நீளம் முழுவதும் நன்றாகவே இருக்கும். விளக்குப் பெட்டிகளுக்குள்ளேதான் பழுது. பல ஆண்டுகள் 100 வாட் குமிழ் எரிந்த பெட்டியைத் திறந்தால், உறை கருகி, விரல் பட்டாலே அப்பளம்போல் நொறுங்கும்.

1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் இறுதி வரை கட்டப்பட்ட வீடானால் கேபிள் உறையில் அச்சிடப்பட்ட எழுத்துகளைப் படியுங்கள். அலுமினியம் என்ற சொல்லோ அதன் சுருக்கமோ இருந்தால், செம்பு விலை ஏறிய காலத்தில் போட்ட அலுமினியக் கம்பி அது. அலுமினியம் சூட்டில் செம்பைவிடக் கூடுதலாக விரிந்து சுருங்கும். திருகாணியின் கீழ் நாளடைவில் தளரும். காற்றுப் பட்ட மேற்பரப்பில் மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைட்டுப் படலம் உண்டாகும். தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் மேலும் தளரும். இதற்காகக் கம்பி முழுவதையும் பிடுங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முனையிலும் அலுமினியத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட இணைப்பியால் ஒரு சிறு செம்புக் கம்பியைச் சேர்த்து, அதைப் பிளக் பொயின்ட்டில் பொருத்துவது ஏற்கப்பட்ட முறை. சாதாரண இணைப்பிகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

கம்பியைவிட நான் அதிகம் அஞ்சுவது முந்திய உரிமையாளர்களின் கைவேலையை. நான் வாங்கிய வீட்டின் நிலவறையில் மரப்பலகைச் சுவரொன்றைக் கழற்றியபோது, துணியுறைக் கம்பியும் புதிய வெள்ளைக் கேபிளும் பெட்டி எதுவும் இல்லாமல், கறுப்பு நாடா சுற்றிய முடிச்சாகத் தொங்கின. நாடா உருகி ஒட்டியிருந்தது. பின்னால் இருந்த மரத்தில் உள்ளங்கை அளவுக்குக் கருகிய தடம். அந்தச் சுவரில் சாய்ந்த கட்டிலில்தான் முந்திய வாடகைக்காரர் படுத்திருக்கிறார். எந்த இணைப்பும் மூடியுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்தப் பெட்டி சுவருக்குள் புதையாமல் திறக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், இவ்விரண்டுக்கும் விலக்கில்லை.

இன்னொரு ஏமாற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரவுண்ட் இல்லாத வீட்டில் மூன்று துளைப் பிளக் பொயின்ட்டுகள் இருந்தால், விற்பனைக்கு முன் யாரோ அவற்றை மாற்றியிருக்கிறார்கள். சிலர் நியூட்ரல் திருகாணியிலிருந்து கிரவுண்ட் திருகாணிக்கு ஒரு சிறு கம்பியைப் போட்டுவிடுவார்கள். மூன்று விளக்குள்ள மலிவான சோதனைக்கருவி அதைச் சரி என்றே காட்டும். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், உங்கள் சலவை இயந்திரத்தின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். பிளக் பொயின்ட்டைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்ப்பதைத் தவிர இதைக் கண்டுபிடிக்க எளிய வழியில்லை.

1990க்கு முந்திய வீடுகளில் குழாய்களைச் சுற்றியுள்ள வெள்ளை உறை, பழைய கூரை ஓடுகள், சாம்பல் நிறக் கூழாங்கல்போன்ற வெப்பக்காப்பு ஆகியவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். துளையிடுவதற்கு முன் மாதிரியை ஆய்வுகூடத்தில் சோதிப்பது நல்லது.

வரைபடம்

பேனலில் உள்ள ஒவ்வொரு பியூஸும் பிரேக்கரும் எதற்கு மின்சாரம் கொடுக்கின்றன என்று எழுதுங்கள். ஒருவர் பேனலடியில் நின்று ஒவ்வொன்றாக அணைக்க, மற்றவர் ஒரு மேசைவிளக்கோடு அறை அறையாகச் சென்று கூப்பிட்டுச் சொல்ல, ஒரு சனிக்கிழமைக் காலை போதும். மூடியின் உட்புறத்தில் யாரோ எழுதிவைத்த பழைய பட்டியலை நம்ப வேண்டாம். என் பேனலில் ஏழாம் இலக்கத்துக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதை அணைத்தபோது வீட்டில் எதுவும் அணையவில்லை, ஆனால் மீண்டும் போட்டபோது கருவி அங்கே மின்சாரம் போகிறது என்றது. அதைக் கேள்விக்குறியோடு குறித்துவைத்தேன்.

திருகும் பியூஸ் உள்ள பேனலானால் பியூஸின் அளவையும் கம்பியின் தடிப்பையும் ஒப்பிடுங்கள். கம்பியின் இலக்கம் குறையக் குறையத் தடிப்புக் கூடும். 14ஆம் இலக்கச் செம்புக் கம்பிக்கு 15 அம்பியர், 12ஆம் இலக்கத்துக்கு 20 அம்பியர், உடை உலர்த்திக்குப் போகும் 10ஆம் இலக்கத்துக்கு 30 அம்பியர், அடுப்புக்குப் போகும் 8ஆம் இலக்கத்துக்கு 40 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று அதே துளையில் 30 அம்பியர் பியூஸைத் திருகியிருப்பார்கள். அப்போது பியூஸ் எரிவதற்கு முன் சுவருக்குள் கம்பி எரியும்.

எத்தனை அம்பியர் போதும்

பழைய பங்களோக்களில் பிரதான இணைப்பு 60 அம்பியராக இருக்கலாம். போதுமா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, ஒன்ராறியோவின் மின் விதிநூலில் கணக்கு இருக்கிறது. மேல்தளம் 100 சதுர மீற்றர், நிலவறையும் 100 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நிலவறையில் 75 வீதத்தையே கணக்கிடுவார்கள். ஆக 175 சதுர மீற்றர். முதல் 90 சதுர மீற்றருக்கு 5000 வாட், அதற்கு மேல் ஒவ்வொரு 90க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1000 வாட், மொத்தம் 6000. மின் அடுப்பு ஒன்றுக்கு 6000 சேர்த்தால் 12000. அடுப்பு இருக்கும்போது 1500 வாட்டுக்கு மேற்பட்ட ஏனைய கருவிகளில் 25 வீதத்தைச் சேர்க்கிறார்கள். 5000 வாட் உலர்த்திக்கு 1250. குளிரூட்டி 3500 வாட் என்றால் அது முழுதாகச் சேரும். கூட்டினால் 16750 வாட். 240 வோல்ட்டால் வகுக்க ஏறத்தாழ 70 அம்பியர். 60 போதாது, 100 தாராளம்.

இதே வீட்டில் மின்சாரக் காருக்கு 32 அம்பியர் மின்னேற்றி வைத்தால் 7680 வாட் முழுதாக ஏறி, மொத்தம் 102 அம்பியரைத் தொடுகிறது. நிலவறையில் இரண்டாவது அடுப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆகவே 60 அம்பியரை மாற்றுகிறவர்கள் 100இல் நிற்பதா, 200க்குப் போவதா என்பதை அடுத்த பத்தாண்டில் வாங்கப்போகும் காரையும் நினைத்தே முடிவு செய்ய வேண்டும். இருமுறை பேனல் மாற்றுவது வீண் செலவு.

பேனல் இருக்கும் இடத்தையும் இப்போதே கவனியுங்கள். அதன் முன்னே ஒரு மீற்றர் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். குளியலறைக்குள்ளும் உடை அலுமாரிக்குள்ளும் மாடிப்படியிலும் அது இருக்கக்கூடாது. புதிய குளியலறைச் சுவர் பேனலை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி வரைபடம் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

சுற்றுகளைத் திட்டமிடுதல்

15 அம்பியர் சுற்றொன்றில் விளக்கும் பிளக் பொயின்ட்டும் சேர்த்துப் பன்னிரண்டுக்கு மேல் வைக்கக்கூடாது. வசிக்கும் அறைகளில் சுவரின் எந்த இடத்திலிருந்தும் 1.8 மீற்றருக்குள் ஒரு பிளக் பொயின்ட் இருக்க வேண்டும். சலவை இயந்திரத்துக்குத் தனிச் சுற்று வேண்டும். நிலவறையில் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும், மீனும் இறைச்சியும் நிறைத்த பெரிய பிரீசருக்கும் தனித்தனிச் சுற்று கொடுத்துவிடுங்கள். ஹீற்றர் பிரேக்கரை விழுத்தியபோது பிரீசரும் சேர்ந்து அணைந்து, அதை இரண்டு நாள் கழித்து மணத்தால் அறிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு.

கழுவுதொட்டி, குளியல்தொட்டி ஆகியவற்றிலிருந்து 1.5 மீற்றருக்குள் இருக்கும் பிளக் பொயின்ட்டுக்கு ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு வேண்டும். ஊரில் ட்ரிப் சுவிட்ச் என்றோமே, அதன் உறவினர்தான் இது. ஆனால் வீட்டுப் பலகையில் இருந்த அந்தச் சுவிட்ச் வழக்கமாக 30 மில்லியம்பியர் கசிவில் விழும். இது 5 மில்லியம்பியர் அளவிலேயே விழுந்துவிடும். படுக்கையறை, வரவேற்பறைச் சுற்றுகளுக்கு ஏ.எஃப்.சி.ஐ. பிரேக்கர் கேட்பார்கள், அது தளர்ந்த இணைப்பில் பறக்கும் பொறியை உணர்ந்து அணைப்பது. பழைய கிரவுண்ட் இல்லாத பிளக் பொயின்ட்டை மாற்ற முடியாத இடத்தில், ஜி.எஃப்.சி.ஐ. பொருத்தி, கிரவுண்ட் இல்லை என்ற ஒட்டுத்தாளை ஒட்டலாம். அது கிரவுண்டை உண்டாக்காது, ஆளைக் காப்பாற்றும்.

நிலவறையை வசிக்கும் இடமாக்கினால் படிக்கட்டின் மேலும் கீழும் விளக்குச் சுவிட்ச் வேண்டும். ஊரில் இதை இருவழிச் சுவிட்ச் என்போம். இங்கே கடையில் மூவழிச் சுவிட்ச் என்று கேளுங்கள். நான் இரண்டு தடவை தவறானதை வாங்கி வந்தேன்.

அணைத்தல், சோதித்தல்

பிரேக்கரை அணைத்து, பேனலில் ஒரு குறிப்பை ஒட்டி, வீட்டிலுள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள். பின்னர் சோதனைக்கருவியை மின்சாரம் உள்ளது என்று நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து, அது ஒலிக்கிறதா பாருங்கள். வேலை செய்யும் கம்பியில் வைத்து ஒலிக்கவில்லை என்று பாருங்கள். மீண்டும் முதல் இடத்தில் வைத்து இன்னும் ஒலிக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மின்கலம் செத்திருந்தால் அதைச் சொல்வது அந்த மூன்றாவது சோதனைதான். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியையும் சோதியுங்கள்; ஒரே பெட்டிக்குள் இரண்டு சுற்றுகள் சந்திப்பது பழைய வீடுகளில் சாதாரணம்.

பழைய குசினிச் சுற்றுகளில் கறுப்பும் சிவப்பும் ஒரே வெள்ளைக் கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். மின்சாரம் இருக்கும்போது அந்த வெள்ளையைக் கழற்றினால், 120 வோல்ட் கருவிகளுக்கு 240 வரை ஏறி அவை எரிந்துவிடும். இரண்டு பிரேக்கர்களையும் அணைத்த பிறகே கை வையுங்கள்.

கேபிள் இழுத்தல்

இப்போது வீடுகளில் பயன்படுவது என்.எம்.டி.90 என்ற பிளாஸ்டிக் உறைக் கேபிள். 14ஆம் இலக்கம் பொதுவாக வெள்ளை உறையிலும், 12 மஞ்சளிலும், 10 செம்மஞ்சளிலும் வரும். இது உலர்ந்த இடத்துக்கு மட்டுமே உரியது; ஈரம் கசியும் கொங்கிறீற்றுச் சுவரில் நேரடியாக ஒட்டி ஓடவிடாதீர்கள்.

மரவளையில் துளை போடும்போது அதன் உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமலும், மேல் கீழ் விளிம்புகளிலிருந்து குறைந்தது 50 மில்லிமீற்றர் விட்டும் துளைக்க வேண்டும். கீழ் விளிம்பில் பள்ளம் வெட்டுவது வளையின் வலுவைக் கெடுக்கும். செங்குத்துக் கட்டைகளில் கேபிள் விளிம்பிலிருந்து 32 மில்லிமீற்றர் உள்ளே ஓட வேண்டும். முடியாத இடத்தில் உருக்குத் தகடு அடியுங்கள். ட்ரைவோல் திருகாணி கேபிளைக் குத்துவது அந்த இடங்களில்தான். பெட்டியிலிருந்து 300 மில்லிமீற்றருக்குள் கேபிளை மரத்தோடு இறுக்கும் ஒரு பிடியும், பின் ஒவ்வொரு ஒன்றரை மீற்றருக்கும் ஒன்றும் அடிக்க வேண்டும். சூடான காற்றுக் குழாயிலிருந்து 25 மில்லிமீற்றர் தள்ளி ஓடுங்கள்.

பெட்டிக்குள் குறைந்தது 150 மில்லிமீற்றர் கம்பியை விடுங்கள். புதியவர்கள் கம்பியை மிச்சம் பிடித்துக் குறுக வெட்டுகிறார்கள். பிறகு இணைக்க விரல் நுழையாது. பெட்டியின் கொள்ளளவும் கணக்குத்தான்: 14ஆம் இலக்கக் கம்பி ஒவ்வொன்றுக்கும் 24.6 மில்லிலீற்றர் இடம் வேண்டும். சந்தேகமானால் ஆழமான பெட்டியை வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசமில்லை. சுவிட்ச் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலையும் கொண்டுசெல்லுங்கள். புதிய ஸ்மார்ட் சுவிட்ச்சுகள் பல அதைக் கேட்கின்றன.

தண்ணீர்க் குழாயையும் ஒருமுறை பின்தொடருங்கள். பழைய வீடுகளில் பேனலின் கிரவுண்ட் கம்பி, வீட்டுக்குள் நுழையும் உலோகத் தண்ணீர்க் குழாயில் பூட்டப்பட்டிருக்கும். குளியலறை வேலைக்கு வந்த பிளம்பர் நடுவில் ஒரு துண்டைப் பிளாஸ்டிக் குழாயால் மாற்றிவிட்டால், வீட்டின் கிரவுண்ட் அந்த இடத்தோடு அறுந்துபோகிறது. யாரும் உணரமாட்டார்கள், எல்லா விளக்கும் எரியும்.

மூடுவதற்கு முன்

கேபிள்கள் ஓடி, பெட்டிகளுக்குள் கிரவுண்ட் கம்பிகள் இணைக்கப்பட்டு, பிளக் பொயின்ட்டுகள் இன்னும் பொருத்தப்படாத நிலையில் முதற் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். வெப்பக்காப்போ ட்ரைவோலோ அதற்கு முன் ஏறக்கூடாது. ஏறியிருந்தால் பிரிக்கச் சொல்லப் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. அவரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. குறை சொன்னால் எழுதித் தருவார், திருத்திவிட்டு மீண்டும் அழைக்கலாம். எனக்கு இரண்டு குறை எழுதினார்: ஒரு தகடு அடிக்கவில்லை, ஒரு பிடி தூரமாக இருந்தது. இரண்டும் பத்து நிமிட வேலை.

அவர் சம்மதித்துப் போனதும், மூடுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா ஒன்றைக் குறுக்கே பிடித்துப் படம் எடுத்துவையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ரிவியைச் சுவரில் மாட்டத் துளைக்கும்போது அந்தப் படம் உதவும். பின்னர் பிளக் பொயின்ட்டுகளில் கறுப்பைப் பித்தளைத் திருகாணியிலும், வெள்ளையை வெள்ளித் திருகாணியிலும், கிரவுண்டைப் பச்சைத் திருகாணியிலும் இறுக்கி, இறுதிப் பரிசோதனைக்கு அழையுங்கள். கிடைக்கும் சான்றிதழின் பிரதியொன்றைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

கடைசியாகப் பேனலின் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். "அறை", "விளக்கு" என்று எழுதாமல், "நிலவறைக் கிழக்கு அறை, யன்னல் பக்கப் பிளக் பொயின்ட்டுகள்" என்று நாளை வீட்டுக்கு வரும் அந்நியருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும். தீயணைக்க வருகிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். என் ஏழாம் இலக்கத்தின் கேள்விக்குறி, பின்பக்கச் சுவரின் பலகையை எடுத்த அன்றுதான் தீர்ந்தது. அந்தக் கம்பி சுவரைத் துளைத்து வெளியே போய், முற்றத்தின் மண்ணுக்குள் இறங்கி, எப்போதோ இடித்தகற்றிய தோட்டக் கொட்டிலொன்றின் இடத்தில், கத்தரிக்காய்ப் பாத்தி வெட்டுவதற்கு நான் கயிறு கட்டி வைத்திருந்த மூலையில், மின்சாரத்தோடு முடிந்திருந்தது. அதைப் பேனலிலேயே துண்டித்து அகற்றுவித்தேன். புதிய பட்டியலில் ஏழுக்கு எதிரே "வெற்று" என்று எழுதியிருக்கிறது.